கண்ணிழந்த டோஜே: என்ரிக்கோ டாண்டோலோ பற்றிக் கேள்வி பதில்

1204-இல் சிலுவைப் போர்ப் படை பைசாந்தியப் பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) சூறையாடிய கதையை யார் எடுத்தாலும் ஒரு பெயர் வந்து நின்றுவிடுகிறது: வெனிஸ் குடியரசின் தலைவர் (டோஜே) என்ரிக்கோ டாண்டோலோ. அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளில் வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த மனிதரைப் புரிந்துகொள்ள வாளைத் தேடுவதற்கு முன் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): டோஜே என்றால் அரசரா, ஐயா? குடியரசில் அரசர் எப்படி?

அரசர் இல்லை, அம்மா. ஆனால் ஊர்வலத்தில் பார்த்திருந்தால் அரசர் என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஆயுள் முழுவதற்குமான பதவி, தனி மாளிகை, தனிக் கொடி எல்லாம் உண்டு. மகனுக்குப் போகும் உரிமை மட்டும் கிடையாது. 1192-இல் டாண்டோலோவைத் தேர்ந்தெடுத்தவர்கள் 40 பேர் கொண்ட ஒரு குழு. சீட்டுக் குலுக்கலும் வாக்கெடுப்பும் மாறி மாறி வரும் தலைசுற்றும் தேர்தல் முறை வெனிஸுக்கு வந்தது பிறகுதான், 1268-இல்.

பதவியேற்கும்போது டோஜே ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். முழுமையாக இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது டாண்டோலோவுடையதுதான். அரசுச் சொத்தை மன்றத்தின் சம்மதமின்றிக் கை மாற்ற மாட்டேன், போப்பாண்டவருக்கும் வெளிநாட்டு வேந்தர்களுக்கும் தன்னிச்சையாகக் கடிதம் அனுப்ப மாட்டேன் என்ற வகையில் போகும் அது. கையைக் கட்டிவிட்டுத்தான் கிரீடத்தை வைத்தார்கள். பின்னால் வரும் கதையில் 'டாண்டோலோ செய்தார்' என்று நான் எழுதும் இடங்களில் எல்லாம், அவருக்குப் பின்னால் ஒரு மன்றமும் அதற்குப் பின்னால் வணிகக் குடும்பங்களும் நின்றன என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோவை): பதவிக்கு வரும்போது 85 வயது என்று படித்தேன். நம்பும்படியாக இருக்கிறதா?

1107 வாக்கில் பிறந்தவர் என்பது வழிவழியாக வரும் கணக்கு. அதிலிருந்து பத்து ஆண்டுகளைக் கழித்தாலும் அவர் கிழவர்தான். நேரில் பார்த்தவர்கள் அத்தனை பேரும் மிக வயதானவர் என்றே எழுதியிருக்கிறார்கள்.

இத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் சுவையான கேள்வி. டாண்டோலோ குடும்பத்தில் ஆயுள் கெட்டி. தந்தை வித்தாலே வெனிஸின் பெரிய மனிதர்களில் ஒருவர். நீண்ட நாள் வாழ்ந்தார். என்ரிக்கோ என்றே பெயர் கொண்ட பெரியவர் ஒருவர், இவருடைய தந்தையின் சகோதரர், கிராதோவின் தலைமைப் பேராயராக அரை நூற்றாண்டு காலம் இருந்தார். பெரியவர்கள் இருக்கும்வரை இளையவர் வாய் திறக்க முடியாது. நம் கூட்டுக் குடும்பத்துக் கடைகளில் அறுபது வயது மகன் கல்லாவுக்கு எப்போது வருவோம் என்று காத்திருப்பாரே, அந்தக் கதைதான். பொது வாழ்வின் ஆவணங்களில் இவர் தெளிவாகத் தென்படுவதே அறுபதைத் தாண்டிய பிறகு.

கேள்வி (பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணம்): பைசாந்தியப் பேரரசர் மானுவேல் அவருடைய கண்களைப் பறித்தார், அந்த வன்மத்தில்தான் கான்ஸ்டான்டிநோபிளை அழித்தார் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். உண்மையா?

கதையாக அருமையானது, ஆசிரியை அவர்களே. ஆவணங்களோ அதை ஏற்க மறுக்கின்றன.

கண்ணாடியை வைத்துப் பேரரசர் பார்வையைப் பறித்தார் என்பது ரஷ்யாவின் நொவ்கொரோத் நகரத்து நாளாகமத்தில் வரும் செய்தி. எதிரிகளைக் குருடாக்குவது பைசாந்திய அரசியலில் வழக்கமாக இருந்ததால் பலரும் நம்பினார்கள். ஆனால் டாண்டோலோவின் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய பிரெஞ்சுப் பிரபு வில்ஆர்துவான், தலையில் பட்ட காயத்தால் பார்வை போயிற்று என்கிறார். கண்கள் பார்க்க நன்றாகவே இருந்தன என்றும் சேர்த்துச் சொல்கிறார். கண்ணைப் பறித்திருந்தால் இப்படி எழுதியிருக்க முடியாது.

இன்னும் உறுதியான சான்று அவருடைய கையெழுத்து. 1174 செப்டம்பரில் அலெக்சாண்டிரியாவில் ஒரு பத்திரத்தில் ஒப்பமிட்டிருக்கிறார். எழுத்து தெளிவாக, வரிசையாக இருக்கிறது. 1176 அக்டோபரில் இட்ட ஒப்பத்தில் எழுத்துகள் நேர்கோட்டை விட்டுச் சரிந்து கீழே இறங்குகின்றன. பேனா தாளில் எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவரின் கை அது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் பார்வை போயிருக்க வேண்டும். கண் கெடாமல், மூளையில் பார்வைக்குரிய பகுதி அடிபட்டிருக்கலாம் என்று அமெரிக்க வரலாற்றாளர் தாமஸ் மேடன் வாதிடுகிறார். வில்ஆர்துவானின் சொல்லோடு இது நன்றாகப் பொருந்துகிறது.

கேள்வி (அதே ஆசிரியை): அப்படியானால் வன்மமே இல்லையா?

இருந்தது. ஆனால் அது ஊருக்கே பொதுவானது.

1171 மார்ச் 12 அன்று பேரரசு முழுவதும் இருந்த வெனிஸ்காரர்களைக் கைது செய்து சொத்துகளைப் பறிமுதல் செய்யும்படி மானுவேல் ஆணையிட்டார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். டோஜே இரண்டாம் வித்தாலே மிக்கியேல் 120 கப்பல்களுடன் புறப்பட்டார். கியோஸ் தீவில் குளிர்காலத்தைக் கழித்தபோது கொள்ளைநோய் படையைத் தின்றுவிட்டது. மிச்சத்தோடு ஊர் திரும்பிய அவரை 1172-இல் சொந்த மக்களே குத்திக் கொன்றார்கள். டாண்டோலோவின் தலைமுறைக்கு இது ஆறாத வடு. ஆனால் அவர்கள் கற்ற பாடம் 'பழி வாங்கு' என்பதைவிட 'ஆத்திரத்தில் படையெடுக்காதே' என்பதாகவே தெரிகிறது. அடுத்த முப்பது ஆண்டுகள் வெனிஸ் தூதுவர்களை அனுப்பி, இழப்பீடு கேட்டு, தவணை வாங்கிக்கொண்டிருந்தது. டோஜே ஆன பிறகு டாண்டோலோவும் பேச்சுவார்த்தையைத்தான் தொடர்ந்தார். 1198-இல் பழைய வணிகச் சலுகைகளைப் புதிய பேரரசர் மூன்றாம் அலெக்சியோஸ் ஏற்றுப் பட்டயம் கொடுத்தார். பழிவெறி பிடித்தவரின் நடத்தை இப்படி இருக்காது.

கேள்வி (நாணயச் சேகரிப்பாளர், நாகர்கோவில்): அவர் வெளியிட்ட வெள்ளிக்காசு பற்றிச் சொல்ல முடியுமா? நம் பக்கத்தில் அகப்பட்டதுண்டா?

அந்தக் காசின் பெயர் குரோசோ. எடை சுமார் 2.18 கிராம், 98.5 சதவீதம் தூய வெள்ளி. அதுவரை வெனிஸில் புழங்கிய பென்னியில் கால் பங்குதான் வெள்ளி, மீதி செம்பு. கப்பல் கணக்கில் சரக்கு வாங்குகிறவன் அந்தச் செம்புக் காசை மூட்டையாகவா கட்டிக்கொண்டு போவான்? குரோசோ வந்தவுடன் கிழக்கு மத்தியதரைக் கடல் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கத் தொடங்கினார்கள். 1190-களின் தொடக்கத்தில் வெளியானது என்று ஒரு நாளாகமம் சொல்கிறது. சிலுவைப் போர்க் கப்பல்களைக் கட்டிய தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க வந்தது என்று இன்னொன்று சொல்கிறது. நான் முதலாவது பக்கம்.

குரோசோ நம் கடற்கரைகளில் பேசப்பட்ட காசு அன்று. ஆனால் அதன் முகப்பில் இருந்த படம் வந்து சேர்ந்தது. புனித மாற்கு டோஜேயின் கையில் கொடியைக் கொடுக்கும் காட்சி அது. 1284-இல், அதே குலத்தைச் சேர்ந்த ஜொவான்னி டாண்டோலோ டோஜேயாக இருந்தபோது, வெனிஸ் தங்க டுகாட்டை அச்சடித்தது. அதிலும் அதே காட்சிதான். டோஜேயை மட்டும் மண்டியிட வைத்துவிட்டார்கள். மிளகுக்கும் துணிக்கும் விலையாக அந்தத் தங்கம் பிற்காலத்தில் மலையாளக் கரைக்கும் தமிழ்நாட்டுக்கும் நிறைய வந்தது. இங்கே பார்த்தவர்களுக்குக் கொடிக்கம்பம் பனைமரமாகவும் அதன் அடியில் இருக்கும் டோஜே மரம் ஏறுபவராகவும் தெரிந்தார்கள். 'சாணார் காசு' என்று உங்கள் பக்கத்தில் வழங்கியது அதுதான். அந்தக் காசுகளைக் கோத்து நகையாகவும் அணிந்தார்கள். உங்கள் சேகரிப்பில் ஒன்று இருந்தால் அதிகமாக விலை பேச வேண்டாம்; பிற்காலப் போலிகள் ஏராளம்.

கேள்வி (பட்டயக் கணக்கர், சென்னை): கணக்குப் புத்தகம் என்று சொன்னீர்கள். சிலுவைப் போர் ஒப்பந்தத்தின் எண்களைத் தர முடியுமா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

1198-இல் போப் மூன்றாம் இன்னசென்ட் புதிய சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தார். பிரெஞ்சுப் பிரபுக்கள் மூவரின் சார்பில் ஆறு தூதுவர்கள் 1201 தொடக்கத்தில் வெனிஸ் வந்தார்கள். வில்ஆர்துவான் அவர்களில் ஒருவர். அவர்கள் கேட்டது: 4,500 வீரப்பிரபுக்கள், 4,500 குதிரைகள், 9,000 உதவி வீரர்கள், 20,000 காலாட்கள். அத்தனைக்கும் கப்பல், உணவு, தீவனம். விலை குதிரைக்கு 4 மார்க், ஆளுக்கு 2 மார்க். 33,500 ஆட்களுக்கு 67,000, குதிரைகளுக்கு 18,000, ஆக 85,000 மார்க் வெள்ளி. இன்றைய எடையில் ஏறக்குறைய 20 டன். அதற்கு மேல், தன் செலவில் 50 போர்க்கப்பல்களை அனுப்புவதாக வெனிஸ் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு, பிடிபடுவதில் பாதி. 1202 ஜூன் 29-இல் கடற்படை தயாராக இருக்க வேண்டும்.

விலை அநியாயம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்துக் கப்பல் வாடகைகளோடு ஒப்பிட்டால் அநியாயம் இல்லை. அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது: தலைக் கணக்கில். வருவோம் என்று யாரும் எழுதிக் கொடுக்காத 33,500 பேருக்காகத் தூதுவர்கள் கையெழுத்திட்டார்கள். வெனிஸில் வந்து கப்பலேற வேண்டும் என்று எந்தச் சிலுவை வீரனுக்கும் கட்டாயம் இல்லை.

இந்தப் பக்கம் வெனிஸ் தன் வெளிநாட்டு வணிகத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டுக் கப்பல் கட்டியது. படையில் வந்த எளிய வீரப்பிரபு ராபேர் த க்ளாரி எழுதிய நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி உண்டு: கப்பலேறப் போதிய ஆட்கள் இல்லாததால், இருவர் இருவராக நிறுத்தி மெழுகு உருண்டைகளைக் கொடுத்தார்கள். இரண்டில் ஒன்றுக்குள் சீட்டு. சீட்டு வந்தவர் போயே ஆக வேண்டும். ஊரில் பாதி ஆண்களின் தலையெழுத்து மெழுகுக்குள் இருந்தது.

1202 கோடையில் லீதோ தீவில் வந்து இறங்கியது எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் மார்செய் போன்ற வேறு துறைமுகங்கள் வழியாகப் போனார்கள், அல்லது வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். வந்தவர்கள் பையைத் துழாவி, வெள்ளிப் பாத்திரங்களையும் கொடுத்து, திரட்டியது 51,000 மார்க். பாக்கி 34,000. கடன்பட்டவர் நெஞ்சம் கலங்கும் என்போம். இங்கே கடன் கொடுத்தவர் நெஞ்சம்தான் அதிகம் கலங்கியிருக்கும்.

கேள்வி (அவரே): நஷ்டத்தை எழுதித் தள்ளிவிட்டு, கையில் வந்ததோடு ஒப்பந்தத்தை ரத்து செய்திருக்கலாமே?

சட்டப்படி முடியும். வந்த பணத்தை வைத்துக்கொள்ளவும் உரிமை இருந்தது. ஆனால் பட்டினியும் ஆயுதமும் ஒருசேரக் கொண்ட பத்துப் பன்னிரண்டாயிரம் பேர் உங்கள் வாசலில் கூடாரம் போட்டிருக்கும்போது ரத்துக் கடிதம் எழுதத் துணிவீர்களா? கட்டி முடித்த கப்பல்களை யாரிடம் விற்பது? ஓராண்டு வணிகத்தை யார் திருப்பித் தருவார்கள்?

டாண்டோலோ கண்டுபிடித்த வழி: தவணையைத் தள்ளி வைக்கிறோம், வெற்றியின் கொள்ளையில் கொடுங்கள், அதற்கு ஈடாகப் போகும் வழியில் ஸாராவைப் பிடித்துத் தாருங்கள். அத்ரியாத்திக் கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் அந்த ஊர் (இன்று குரோவேஷியாவின் ஸதார்) வெனிஸின் பிடியை உதறிவிட்டு ஹங்கேரி மன்னரின் பாதுகாப்பில் இருந்தது. கிறித்தவ ஊர். அந்த மன்னரும் சிலுவை ஏற்றவர், அதாவது சிலுவைப் போருக்குச் சபதம் செய்தவர். கணக்கர் மூளைக்கு அழகான தீர்வு; மற்ற எல்லா வகையிலும் அசிங்கமானது.

அதே செப்டம்பரில் புனித மாற்கு ஆலயத்தில் டாண்டோலோ தானும் சிலுவை ஏற்றார். வழக்கமாகத் தோளில் தைக்கும் சிலுவையைத் தொப்பியில் தைக்கச் சொன்னார், எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக. மகன் ரனியேரியைப் பொறுப்பு டோஜேயாக வைத்துவிட்டு அக்டோபரில் கப்பலேறினார்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): கிறித்தவ ஊரைத் தாக்கியதற்குப் போப் ஒன்றும் சொல்லவில்லையா?

முன்கூட்டியே எச்சரித்தார், பிறகு அனைவரையும் திருச்சபையிலிருந்து விலக்கினார். 1202 நவம்பர் 24-இல் ஸாரா விழுந்தது. சைமன் த மான்ட்ஃபோர்ட் போன்ற சிலர் பங்கேற்க மறுத்து விலகினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் உடனே மன்னிப்புக் கேட்டுப் பெற்றார்கள். வெனிஸ்காரர்கள் கேட்கவில்லை. தங்கள் ஊரைத் தாங்கள் மீட்டதில் பாவம் எங்கே வந்தது என்பது அவர்கள் நிலை. வெனிஸ் மீதான விலக்கக் கடிதத்தைப் படைத்தலைவர் போனிஃபாஸ் வெளியிடாமலே மறைத்து வைத்தார். வெளியிட்டால் கடற்படை கலைந்துவிடும் என்று பயம்.

கேள்வி (ஆய்வு மாணவர், புதுச்சேரி): எகிப்துக்குப் போகாமல் கான்ஸ்டான்டிநோபிளுக்குத் திருப்பியது முன்கூட்டியே போட்ட சதியா? எகிப்து சுல்தானிடம் வெனிஸ் பணம் வாங்கியதாகவும் சொல்கிறார்களே?

தம்பி, சுல்தான் கதை அந்தக் காலத்திலேயே கிழக்கில் இருந்த பிராங்குகளிடம் (மேற்கு ஐரோப்பியரிடம்) கிளம்பிய வதந்தி. 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஹோப்ஃப் எகிப்தோடு வெனிஸ் செய்த ஓர் உடன்படிக்கையை 1202 என்று தேதியிட்டு அதற்கு உயிர் கொடுத்தார். அந்தத் தேதி தவறு என்று பிற ஆய்வாளர்கள் விரைவிலேயே காட்டிவிட்டார்கள். இன்று அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம் தேதியைக் கேளுங்கள், போதும்.

சதி இல்லாமலே அந்தத் திசையில் காற்று அடித்தது எப்படி என்று பாருங்கள். கண் பறிக்கப்பட்டுச் சிறையில் கிடந்த முன்னாள் பேரரசர் இரண்டாம் ஐசக்கின் மகன் அலெக்சியோஸ் தப்பி மேற்கே வந்திருந்தான். அவனுடைய அக்காள் கணவர் ஜெர்மனியின் பிலிப். அங்கிருந்து 1203 தொடக்கத்தில் ஸாராவுக்கு ஒரு சலுகைப் பட்டியல் வந்தது: என்னை அரியணையில் வையுங்கள், 200,000 மார்க் தருகிறேன், எகிப்துப் போருக்கு 10,000 வீரர்களை அனுப்புகிறேன், கிரேக்கத் திருச்சபையை ரோமுக்குக் கீழ்ப்படிய வைக்கிறேன். கடனில் மூழ்கிய படைக்கு இதைவிட இனிய ஓசை உண்டா? இந்த யோசனை வந்த கை ஜெர்மனியுடையது. பற்றிக்கொண்ட கைகளில் டாண்டோலோவுடையதும் ஒன்று.

இங்கே அவருடைய பெரிய பிழை என்று நான் கருதுவது வேறு. கான்ஸ்டான்டிநோபிளை நேரில் அறிந்த, அதன் கருவூலத்தோடு இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய மனிதர் அவர். நாடில்லாத ஓர் இளைஞன் 200,000 மார்க் தருவேன் என்றால் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அந்தக் கூடாரத்தில் அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தகுதி படைத்தவர் அவர் ஒருவர்தான்.

கேள்வி (மாணவர், சேலம்): பார்வையற்ற முதியவர் போர்க்களத்தில் நின்றார் என்பது மிகைதானே?

1203 ஜூலை 17. தங்கக் கொம்பு எனப்படும் கழிமுகத்திலிருந்து வெனிஸ்காரர்கள் கடல்மதிலைத் தாக்குகிறார்கள். கப்பல்கள் கரைக்கு நெருங்கத் தயங்குகின்றன. டாண்டோலோ முழுக் கவசத்துடன் தன் கப்பலின் முகப்பில், புனித மாற்கின் கொடிக்குப் பின்னால் நிற்கிறார். என்னைக் கரையில் இறக்குங்கள், இல்லையேல் தண்டிப்பேன் என்று கத்துகிறார். கொடி கரையேறியதைக் கண்டதும் மற்றக் கப்பல்கள் வெட்கத்தில் பின்தொடர்கின்றன. 25 கோபுரங்கள் பிடிபடுகின்றன. வில்ஆர்துவான் இதை வெனிஸைக் குளிர்விக்க எழுதவில்லை; அவர் பிரெஞ்சுக்காரர், தன் ஆட்களின் வீரத்தைப் பாடவே அதிகம் விரும்புகிறவர்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்த சில மணி நேரம். தரைப்பக்கம் பேரரசர் பெரும்படையோடு பிரெஞ்சுக்காரர்களை எதிர்கொண்டு வெளியே வந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. டாண்டோலோ பிடித்த கோபுரங்களை அப்படியே விட்டுவிட்டு, யாத்திரிகர்களோடு (சிலுவை வீரர்களோடு) வாழ்வேன் அல்லது சாவேன் என்று சொல்லி உதவிக்குப் போகிறார். அன்றிரவு மூன்றாம் அலெக்சியோஸ் நகரை விட்டு ஓடிவிட்டார்.

கேள்வி (இல்லத்தரசி, தஞ்சாவூர்): அரியணையில் வைத்த பையனே பிறகு எதிரியானது ஏன்?

பணம், அம்மா. நான்காம் அலெக்சியோஸ் என்று முடிசூடியவன் பாதியளவு கொடுத்தான். அதற்கே தேவாலயப் பாத்திரங்களை உருக்க வேண்டியிருந்தது. மக்கள் வெறுத்தார்கள். தவணை நின்றது. 1204 தொடக்கத்தில் புருவம் அடர்ந்த அலெக்சியோஸ் டூகாஸ் என்ற பிரபு அவனைக் கைது செய்து கழுத்தை நெரித்துக் கொன்று, தானே பேரரசனானான். கடனைக் கொடுக்க வேண்டியவனே இறந்துவிட்டான். ஊர் திரும்பவும் உணவில்லை.

கேள்வி (பெயர் சொல்ல விரும்பாத வாசகர்): இவ்வளவு கணக்குச் சொல்லி 1204 சூறையாடலுக்கு நியாயம் கற்பிக்கிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

சந்தேகம் நல்லது. காரணம் சொல்வது வேறு, கணக்கு நேர் செய்வது வேறு.

1204 மார்ச்சிலேயே, மதில் ஏறுவதற்கு முன்பே, கொள்ளையை எப்படிப் பங்கிடுவது என்று ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். அதில் டாண்டோலோவின் கை தெளிவாகத் தெரிகிறது. கடன் தீரும்வரை வெனிஸுக்கு நான்கில் மூன்று பங்கு. பேரரசரைத் தேர்ந்தெடுக்க ஆறு வெனிஸ்காரர், ஆறு பிராங்குகள். நிலத்தில் பேரரசருக்குக் கால், மீதியில் ஆளுக்குப் பாதி. பெண்களையும் தேவாலயங்களையும் தொட மாட்டோம் என்று சத்தியமும் செய்தார்கள். ஏப்ரல் 12-இல் மதில் விழுந்தது. பிறகு மூன்று நாட்கள் அந்தச் சத்தியத்துக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதை நிகேதாஸ் கோனியாதிஸ் என்ற உயர் அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். ஹாகியா சோஃபியாவின் பலிபீடத்தை உடைத்துப் பங்கிட்டார்கள். அள்ளிய வெள்ளியைச் சுமக்கக் கோவிலுக்குள் கோவேறு கழுதைகளை ஓட்டி வந்தார்கள். பழங்காலக் கிரேக்கச் சிற்பி லிசிப்போஸ் வார்த்த ஹெராக்ளிஸ் வெண்கலச் சிலை உருக்கிக் காசாக்கப்பட்டது. ஓராண்டுக்குள் மூன்று பெருந்தீ வேறு.

நிகேதாஸ் டாண்டோலோவை மன்னிக்கவே இல்லை. சூழ்ச்சியின் உருவம், ரோமர்களுக்குப் பகைவன் என்றே எழுதுகிறார். ஆனால் அதே நிகேதாஸையும் அவருடைய குடும்பத்தையும் காப்பாற்றியவர் ஒரு வெனிஸ் வணிகர். நிகேதாஸிடம் முன்பு அடைக்கலம் பெற்றிருந்த அந்த வணிகர், கவசம் மாட்டிக்கொண்டு சிலுவை வீரனைப் போல நடித்து வாசலில் நின்று, இந்த வீடு என் பங்கு என்று சொல்லிக் கொள்ளையரைத் திருப்பி அனுப்பினார். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் வெனிஸைப் படிக்க வேண்டும்.

டாண்டோலோ நின்று தடுத்திருக்க முடியுமா என்று கேட்பீர்கள். முயன்றதற்கான அடையாளம் எதுவும் இல்லை. என் தீர்ப்புக்கு அது போதும்.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): பிடித்த பிறகு அவரே பேரரசராகவில்லையே, ஏன்?

வயது, பார்வை, எல்லாவற்றுக்கும் மேலாக வெனிஸ். வெளிநாட்டில் அரியணை ஏறும் டோஜேயைச் சொந்த ஊர் பொறுத்துக்கொள்ளாது. பிளாண்டர்ஸ் பால்ட்வினைப் பேரரசராக்கினார்கள். தலைமைப் பேராயர் பதவியை வெனிஸ் எடுத்துக்கொண்டது. டாண்டோலோவுக்கு மட்டும் பேரரசரின் முன் மண்டியிட்டு விசுவாசம் சொல்வதிலிருந்து விலக்கு. 'ரோமப் பேரரசின் கால் பங்குக்கும் அரைக்கால் பங்குக்கும் அதிபதி' என்ற பட்டமும் வெனிஸின் கைக்கு வந்தது. எட்டில் மூன்று என்பதை இப்படியும் சொல்லலாம் என்று அன்றுதான் உலகுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் இங்கே தஞ்சைப் பக்கம் ஆண்டவர் மூன்றாம் குலோத்துங்க சோழர். பட்டங்களை அடுக்குவதில் நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை.

பட்டத்தைவிடப் பயனுள்ளது கிரீட் தீவு. போனிஃபாஸின் பங்கில் இருந்த உரிமையை 1204 ஆகஸ்டில் 1,000 மார்க்குக்கு விலை பேசி வாங்கினார்கள். 1669-இல் தலைநகர் கந்தியா துருக்கியரிடம் விழும்வரை அது வெனிஸிடம் இருந்தது.

கேள்வி (மதுரை வாசகர்): ஊர் திரும்பினாரா?

இல்லை. வயதைச் சொல்லி எருசலேம் யாத்திரை நேர்த்தியிலிருந்து விடுவிக்கும்படி போப்பிடம் கேட்டார், இன்னசென்ட் மறுத்துவிட்டார். 1205 ஏப்ரல் 14-இல் அட்ரியனோபிளில் பல்கேரிய மன்னர் கலோயன் பேரரசர் பால்ட்வினைச் சிறைபிடித்துப் படையைச் சிதறடித்தபோது, எஞ்சியவர்களை இரவோடு இரவாகக் கடற்கரை ஊரான ரொதோஸ்தோவுக்கு நடத்திக் கொண்டுவந்தவர்கள் இருவர். பின்பகுதியைக் காத்தவர் வில்ஆர்துவான். முன்பகுதியில், தொண்ணூறைத் தாண்டிய வயதில், டாண்டோலோ. சில வாரங்களில் கான்ஸ்டான்டிநோபிளில் இறந்தார். அடுத்த டோஜேயாக வெனிஸ் தேர்ந்தெடுத்தது பியெத்ரோ ஸியானியை. மூன்று ஆண்டுகள் பொறுப்பு வகித்த மகன் ரனியேரிக்கு அரியணை இல்லை. அவர் 1209-இல் கிரீட்டில் ஜெனோவாக்காரர்களோடு நடந்த போரில் மாண்டார்.

கேள்வி (துபாய் வாசகர்): இஸ்தான்புல் போகிறேன், அடுத்து வெனிஸ். எவற்றைப் பார்க்கலாம்?

ஹாகியா சோஃபியாவின் மேல்மாடத்தில், தென்பக்கம், தரையில் 'ஹென்ரிக்குஸ் டாண்டோலோ' என்று வெட்டிய ஒரு கல் இருக்கிறது. அவர் அந்தக் கோவிலில் அடக்கமானது உண்மை. ஆனால் அந்தக் கல் 19-ஆம் நூற்றாண்டில் வைத்தது. மூலக் கல்லறை போய்விட்டது. பக்கத்திலேயே இருக்கும் கிறிஸ்துவின் மொசைக் ஓவியம் அதைவிட அதிக நேரம் கேட்கும், கொடுங்கள்.

வெனிஸில் புனித மாற்கு ஆலய முகப்பில் நான்கு வெண்கலக் குதிரைகள் நிற்கும். 1204 கொள்ளையில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வந்தவை. 1797-இல் நெப்போலியன் பாரிஸுக்கு ஓட்டிப்போய், 1815-இல் திரும்பியவை. வெளியே நிற்பவை நகல். கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். டிக்கெட் வாங்கி மாடிக்கு ஏறினால் அசல் நான்கும் உள்ளே இருக்கின்றன. இறங்கி வந்ததும் ஆலயத்தின் தென்மேற்கு மூலையில், ஒருவரை ஒருவர் அணைத்து நிற்கும் நான்கு செங்கல் நிறப் பேரரசர்களைத் தேடுங்கள். அவர்களில் ஒருவருக்குக் கால் ஒட்டுப் போட்டது. அசல் பாதம் இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் இஸ்தான்புல் போவதால் அதை அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.